மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் வளாகத்தின் ஆண்டுக் கணக்கில் ‘பூச்சிக் கட்டுப்பாடு’ என்று ஒரு வரி இருக்கும். கரப்பான், கொசு, கரையான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட ஒப்பந்தம் அது. பல வளாகங்களில் தோட்டமும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மாதத்தில் ஒரு நாள் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஒருவர் வருகிறார். செம்பருத்தியில் தொடங்கி வாசல் வேம்பு வரைக்கும் ஒரே கலவையை அடிக்கிறார். செக்யூரிட்டியிடம் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். எந்தச் செடியில் என்ன பூச்சி என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி யாரும் அவருக்குக் கூலி கொடுக்கவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றே. அந்த ஒப்பந்தத்திலிருந்து மரஞ்செடிகளை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தைக் கொண்டு, மாதம் இருமுறை வந்து தோட்டத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள்.

பூச்சி தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு மரத்தையே சாய்த்துவிடக்கூடிய பூச்சிகள் உண்டு. பிள்ளைகளின் உடம்பெல்லாம் தடிப்பேற்றுகிற புழுக்களும் உண்டு. அவற்றையும், இலையில் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் பறந்துபோகும் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தவறு. நம் வளாகங்களில் நாள்தோறும் காண்கிற சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சங்கத்துக்கு வரும் புகார்களில் முதலிடம் காருக்குத்தான். மரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது, சில நாளில் அதன்மேல் கரி பூசியதுபோல் கறுப்பு படிகிறது என்பார்கள். அந்தப் பிசுக்கு மரத்திலிருந்து வடியும் பால் இல்லை. இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவை கழிக்கும் சர்க்கரை நீர். அந்தச் சர்க்கரையில் வளர்வதுதான் கரும்பூசணம். அது இலைக்குள் நுழைவதில்லை, மேலே படிந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கறுப்பைக் கண்டால் கறுப்புக்கு மருந்து தேடக் கூடாது. அதற்கு நேர் மேலே இருக்கும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வளாகத்தில் தென்னை இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிவது சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போட்டு முட்டை வைக்கும். நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. பிறகு தென்னை, வாழை, கொய்யா என்று தமிழகம் முழுக்கப் பரவியது. பதறிப்போய் மருந்தடித்த தோப்புகளில் அது அடங்கவில்லை. காரணம் எளியது. என்கார்சியா என்னும் குளவி ஒன்று உண்டு. கொசுவைவிடச் சிறியது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து, அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவியைத்தான். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்த ஈக்கு ரசாயன மருந்தே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் தென்னை ஓலையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிறிய குஞ்சுகளுக்கு நடுவே கறுத்துப்போன குஞ்சுகள் தெரிந்தால், அவற்றின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருந்தால், உங்கள் வேலையைக் குளவி செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். எட்டுகிற ஓலைகளின் அடிப்பக்கத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் போதும். கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் ஏடு ஏடாக உரிந்து விழும். காரைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கார் விஷயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2013 ஜூனில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்சன்வில் என்ற ஊரில், ஒரு கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில் லிண்டன் மரங்கள் பூத்து நின்றன. அசுவினியின் பிசுக்கு கார்களில் சொட்டுகிறது என்று அந்த மரங்களுக்கு மருந்தடித்தார்கள். பூவில் தேனெடுக்க வந்த பம்பிள் தேனீக்கள் 50,000-க்கும் மேல் செத்துத் தரையில் விழுந்தன. மிஞ்சிய தேனீக்களாவது பிழைக்கட்டும் என்று கடைசியில் மரங்களுக்கு வலை போர்த்த வேண்டி வந்தது. காரின் மேல் விழுந்த பிசுக்கைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நம் ஊரில் புங்கமும் வேம்பும் பூக்கிற பங்குனி, சித்திரையில் மரத்தைச் சுற்றி எழுகிற ரீங்காரத்தைக் கேட்டிருப்பீர்கள். அந்த மாதங்களில் அந்த மரங்களின் பக்கம் தெளிப்பானே போகக் கூடாது.

அடுத்தது செம்பருத்தி. பூஜைக்குப் பூப்பறிக்கப் போகிறவர்கள் கண்ணில்தான் இது முதலில் படும். கொழுந்து சுருண்டு, மொக்கு விரியாமல், தண்டெல்லாம் பஞ்சு அப்பியதுபோல் இருக்கும். மாவுப்பூச்சி. பப்பாளி, குரோட்டன்ஸ், இட்லிப்பூ, செம்பருத்தி எல்லாவற்றிலும் ஏறும். இதன் வகைகளில் பப்பாளி மாவுப்பூச்சியின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ்நாடு இதில் ஒரு பெரிய பாடம் கற்றது. மெக்சிகோவைச் சேர்ந்த அந்தப் பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. விவசாயிகள் கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் மாற்றி மாற்றி அடித்தார்கள். மாவு போன்ற மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம், மருந்தடித்த மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு மையம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. மூன்றில் அசிரோஃபேகஸ் என்னும் குளவி வெகு சீக்கிரம் வேரூன்றியது. எந்த மருந்துக்கும் அசையாத பூச்சி, ஓரிரு ஆண்டுகளில் கட்டுக்குள் வந்தது. அந்தக் குளவியின் சந்ததி இன்றும் நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. உங்கள் வளாகத்துச் செம்பருத்திக்கும் அது வரும், வர விட்டால்.

மாவுப்பூச்சியைத் தின்ன இன்னொன்றும் வரும். அதை அடையாளம் காண்பதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இலேயே காப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு அது. வளர்ந்த வண்டு சிறியது, கறுத்த உடம்பு, செம்மஞ்சள் தலை. அதைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. அதன் புழுவைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். அதுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுத் திரிகளோடு, பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். “இதோ பாருங்கள் சார், எவ்வளவு பெரிசா வளந்துடுச்சு” என்று சொல்லித் தோட்டக்காரர் அதைத்தான் முதலில் நசுக்குவார். வித்தியாசம் இது: மாவுப்பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பொறிவண்டுப் புழு அவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம், தனியாக விறுவிறுவென்று நடக்கும், குச்சியால் தொட்டால் நகர்ந்து போகும். அசுவினிக் கூட்டத்தின் அருகே மெல்லிய நூல்காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகளைக் கண்டாலும் தொடாதீர்கள். அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள், அதன் புழுவும் அசுவினியைத்தான் தின்னும்.

இவ்வளவு பேர் தின்ன இருந்தும் மாவுப்பூச்சி ஏன் குறையவில்லை என்று கேட்டால், தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நீருக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். அடித்தண்டில் துணியைச் சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவி எறும்பு ஏறுவதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கிரீஸைப் பட்டையில் நேராகப் பூசாதீர்கள், பட்டை வெந்துபோகும். மண்ணிலும் சுவரிலும் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியில் ஏறும். அப்பிக்கிடக்கும் நுனிகளைக் கத்தரித்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டியதை அங்கேயே போட்டால் பூச்சி மறுபடி ஏறிவிடும். மிச்சமிருப்பதற்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், மாலையில், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும்.

புங்க மரத்துக்கு வருகிறேன். சென்னைத் தெருக்களில் இதைவிட நல்ல நிழல்மரம் எனக்குத் தெரியாது. இதைப் பற்றி வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: இலையெல்லாம் விரல் விரலாக முடிச்சு, ஏதோ நோய், வெட்டிவிடலாமா? வேண்டாம். அந்த முடிச்சுகளை உண்டாக்குவது கண்ணுக்கே தெரியாத ஒரு நுண்சிலந்தி. அது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. ஆகவே பூச்சிமருந்துகளில் பல அதன்மேல் வேலையும் செய்வதில்லை. இலை தன் திசுவாலேயே அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறது. அதற்காக மரம் வாடுவதில்லை. மாசியில் இலை கொட்டும், பங்குனியில் புது இலை வரும். ஏழிலைப்பாலையின் இலையிலும் இப்படிக் கொப்புளம் கொப்புளமாக இருக்கும், அது வேறொரு சாறு உறிஞ்சியின் வேலை. இளங்கன்று கொஞ்சம் சோர்ந்து போகலாம், வளர்ந்த மரம் பொருட்படுத்தாது. எம்.எஸ். மணி என்ற பூச்சியியல் அறிஞர் இந்தியத் தாவரங்களின் இத்தகைய முடிச்சுகளைப் பற்றியே தனி நூல் எழுதியிருக்கிறார், அத்தனை வகை உண்டு. எல்லா முடிச்சும் இப்படி அப்பாவியானவை என்றும் நினைத்துவிடாதீர்கள். கல்யாண முருங்கையின் கொழுந்திலும் காம்பிலும் முடிச்சு விழுந்து மரமே பட்டுப்போவதற்குக் காரணமான குளவி ஒன்று, 2004-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. வெகு சீக்கிரத்தில் கேரளத்து மிளகுக் கொடிகளைத் தாங்கும் மரங்கள் வரை எட்டிவிட்டது. கல்யாண முருங்கையில் முடிச்சு கண்டால் அந்தக் கிளைகளை உடனே வெட்டி எரித்துவிட வேண்டும். புங்கத்தில் முடிச்சு கண்டால் பேசாமல் இருக்க வேண்டும். எந்த மரம் என்று தெரியாமல் எந்தப் பூச்சி என்று சொல்ல முடியாது.

கம்பிவேலி ஓரமாக வரிசையாக நட்டிருக்கும் ஃபைகஸ் செடிகளில் இலை இரண்டாக மடிந்து, உள்ளே கறுப்பாக இலைப்பேன் இருக்கும். மடிப்புக்குள் எந்தத் தெளிப்பும் போகாது. மடிந்த இலைகளைக் கத்தரிப்பதே வைத்தியம். ஒரே இனத்தை நூறடி நீளத்துக்கு நட்டுவிட்டு, வாராவாரம் கத்தரித்து, கூடவே யூரியாவும் போட்டால் கொழுந்து எப்போதும் தளதளவென்று இருக்கும், சாறு உறிஞ்சிகளுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. புதிதாக நடும்போதாவது மூன்று நான்கு இனங்களைக் கலந்து நடுங்கள்.

புழுக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் புழுவைக் கண்டதும் வாட்ஸ்அப் குழுவில் படம் வரும், அரைமணியில் செக்ரட்டரிக்கு அழைப்புப் போகும். நெட்டிலிங்கத்தின் இலையைத் தின்பது பச்சைப் புள்ளிகளோடு விர்ரென்று பறக்கும் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. கொன்றையில் இருப்பது எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் கூட்டமாகப் பறக்கிறதே, அதன் புழு. அரளி இலையின் அடியில் வெள்ளிபோல் மின்னிக்கொண்டு தொங்கும் கூட்டுப்புழு இன்னொரு வண்ணத்துப்பூச்சியினுடையது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல் கிடக்கும் குட்டிப் புழுக்களும் அப்படியே. இவை எந்த மரத்தையும் கொன்றதில்லை. மாடியில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற அதே வளாகம் கீழே அவற்றின் புழுக்களுக்கு மருந்தடிக்கிறது. தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவது இந்தப் புழுக்களைத்தான்.

நந்தியாவட்டையில் வருவது கொஞ்சம் பெருந்தீனிக்காரன். விரல் பருமனில் பச்சையாக, வாலில் ஒரு கொம்போடு, தலைக்குப் பின்னே நீலக் கண் போன்ற இரு புள்ளிகளோடு இருக்கும். ஒரு வாரத்தில் சிறு செடியை மொட்டையாக்கிவிடும். இலையோடு இலையாக இருப்பதால் கண்ணில் படாது. தரையைப் பாருங்கள். மிளகுமணி போல் எச்சம் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் முடிந்தது, கடிக்காது, கொட்டாது. மொட்டையான செடி இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும்.

ஆனால் முருங்கை மரத்துக் கம்பளிப் புழுவிடம் இந்தத் தாராளம் வேண்டாம். மழை தொடங்கியதும் தாய் அந்து வெளிப்பட்டு முட்டை வைக்கும். இரவில் மேலே போய் இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாக அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மயிர் பட்டால் தோல் தடித்து எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. இதைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. பகலில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதுதான் இதன் பலவீனம். கை முழுதும் மூடிய சட்டை, கையுறை, கண்ணாடி அணிந்து, அந்த ரோசின் சோப்புக் கரைசலைக் குவியலின்மேல் நன்றாக நனைத்துத் தெளித்து, துடைப்பத்தால் வாளிக்குள் தள்ளிவிடலாம். தீப்பந்தம் காட்டுவது கிராமத்து வழக்கம். அடுக்ககத்தில் அது வேண்டாம், பட்டையும் வெந்துபோகும், வேறு விபரீதமும் நேரலாம். மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால் மரத்தடி மண்ணைக் கோடையில் லேசாகக் கொத்திவிடுங்கள்.

வேம்பு கருகுவதைப் பற்றிக் கடந்த சில ஆண்டுகளாகப் பலரும் கவலையோடு கேட்கிறார்கள். குளிர்காலத்தில் மரத்தின் நுனிக்கிளைகள் தீப்பட்டதுபோல் பழுத்துக் காய்ந்து நிற்கின்றன. இதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒன்று, தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சி. இளங்கொழுந்தில் குத்தும்போது அதன் எச்சில் நஞ்சு ஏறி நுனி கருகும். மற்றொன்று, நுனிக்கருகலை உண்டாக்கும் ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சணம். நாற்பதடி வேம்புக்கு முதுகுத் தெளிப்பானால் அடித்தால் கீழ்க்கிளைக்கு மட்டும்தான் போய்ச் சேரும், பூச்சி இருப்பதோ உச்சியில். மேலே போகும் சாரலும் இரண்டாம் மாடிப் பால்கனியில் காயும் துணியில்தான் படியும். பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறும்போது தாமே துளிர்க்கின்றன. காய்ந்த குச்சிகளை முறையாக வெட்டி அகற்றுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் போட்ட சிமெண்டை உடைத்துக் குறைந்தது மூன்றடி வட்டத்துக்கு மண்ணைத் திறந்துவிடுங்கள். கோடையில் ஒன்றிரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். “பட்டுப்போச்சு” என்று மாசியிலேயே மரத்தை வெட்ட ஆளை அழைக்காதீர்கள், சித்திரை வரை பொறுங்கள்.

இலையில் நடப்பதைவிட அடிமரத்தில் நடப்பதை நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். இலை போனால் வரும். தண்டு குடையப்பட்டால் மரம் சாயும். குல்மோகர், நாவல், கொய்யா மரங்களின் கவட்டைகளில் மரத்தூளும் எச்சமும் நூலால் பின்னிய பட்டை போல் ஓடியிருந்தால், அதன் முடிவில் ஒரு துளை இருக்கும். பட்டை தின்னும் புழு பகலில் அதற்குள் பதுங்கியிருக்கும். பின்னலைத் துடைத்து எடுத்து, கம்பியை உள்ளே செலுத்திப் புழுவைக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். மரம் முழுக்கத் தெளித்து இதற்குப் பயன் இல்லை. கரையான் மண்ணை ஏற்றியிருந்தால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வெளியே செத்த பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைச் சுரண்டிவிட்டு உள்ளே தண்டு கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கேட்கும் ஒலி வெற்றாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு ஆள் அழையுங்கள். துளைக்கும் பூச்சிகளுக்கு வாசல் திறந்துவிடுவது பெரும்பாலும் நாம்தான்: விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, விழாவுக்குச் சுற்றிவிட்டு எடுக்க மறந்த சீரியல் விளக்கின் கம்பி, ஜே.சி.பி. அறுத்த வேர்.

தென்னையும் அழகுப் பனைகளும் வைத்திருப்போர் இரண்டு வண்டுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓலைகளில் கத்தரியால் வெட்டியதுபோல் ‘வி’ வடிவ வெட்டுகள் தெரிந்தால் காண்டாமிருக வண்டு. தண்டில் துளை, அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு, மென்று தள்ளிய நார், நடுக்குருத்து சாய்வு என்றால் சிவப்புக் கூன்வண்டு. முதலாவதைச் சமாளிக்கலாம், இரண்டாவது மரத்தைக் கொல்லும். கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி உண்டு. அதைத் தென்னையிலேயே கட்டாமல் சற்றுத் தள்ளி வளாகத்து ஓரத்தில் வையுங்கள். காண்டாமிருக வண்டு பிறப்பது பலர் எதிர்பார்க்காத இடத்தில்: நம் உரக்குழியில். மக்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குகிறீர்கள், மிக நல்ல காரியம். ஆனால் மாதக்கணக்கில் கிளறாமல் விட்ட குழி இந்த வண்டுக்கு நாற்றங்கால். கிளறும்போது அரைவட்டமாகச் சுருண்ட கொழுத்த வெள்ளைப் புழுக்கள் வந்தால் எடுத்துவிடுங்கள். தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் ஊர்ந்து போகிற புழு மட்டும் வேறு, அது பூவண்டின் குஞ்சு, உரமாக்க உதவுவது. அதைத் திரும்பக் குழியிலேயே போட்டுவிடலாம். தென்னைக் குருத்தின் அடிமட்டைகளில் வேப்பம் புண்ணாக்கையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து இடுவது பழகிய முறை, இன்றும் பயன் தருகிறது.

மாலையில் கொசுப்புகை அடிப்பதையும் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவில் சவுத் லேக் டாஹோ என்னும் ஏரிக்கரை ஊரில் 1960-களில் கொசுவுக்காக மாலத்தியான் புகையடித்தார்கள். கொசு குறைந்ததோ இல்லையோ, ஊரின் பைன் மரங்களில் செதில் பூச்சி பெருகி மரங்கள் வெளுத்தன. செதிலுக்கு மேல் ஓடு இருக்கிறது, அதைத் தின்னும் குளவிக்கு இல்லை. புகையை நிறுத்தினார்கள், சில ஆண்டுகளில் குளவிகளும் வண்டுகளும் திரும்பி வந்து செதில் பூச்சியை அடக்கிவிட்டன. லக், டால்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். உங்கள் வளாகத்தில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் ஆண்டுக்காண்டு கூடுகின்றன என்றால், மருந்து போதவில்லை என்ற முடிவுக்கு வருமுன் இதை நினைத்துப் பாருங்கள். தேங்கிய தண்ணீரை அகற்றுவதுதான் கொசுவுக்கு மருந்து.

மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வேண்டிய நாளில் வேண்டிய செடிக்கு மட்டும் அடியுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புச் சேர்த்துத் தெளித்தால் பெரும்பாலான இலைப் பூச்சிகளுக்கு அதுவே போதும். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில் அடிக்க வேண்டும். முதலில் நாலு இலையில் அடித்து, கருகுகிறதா என்று மறுநாள் பாருங்கள். ரசாயன மருந்துதான் வேண்டும் என்ற கட்டம் வந்தால், டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் விற்கப்படும் ஒவ்வொரு டப்பாவிலும் சதுரத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. குடியிருப்புக்குள் சிவப்பும் மஞ்சளும் நுழையவே கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாம். லேபிள் இல்லாத பாட்டிலில் கலந்து கொண்டுவரும் மருந்தை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

ஏனென்றால் நம் வளாகத்துச் செடிகள் வெறும் அலங்காரத்துக்காக நிற்பவை இல்லை. மூன்றாம் மாடி அம்மா குழம்பு கொதிக்கும்போது இறங்கிவந்து கறிவேப்பிலை கிள்ளுகிறார். முருங்கைக்கீரை உருவுகிறோம், துளசி பறிக்கிறோம், சாமிக்குச் செம்பருத்தி வைக்கிறோம். வருஷப்பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ நம் வாசல் மரத்திலிருந்துதான் வருகிறது. நேற்று அடித்த மருந்து எது, எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று எந்த அறிவிப்புப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. மருந்தைத் தோளில் சுமந்து அடிக்கிறவரின் முகத்தில் முகக்கவசமும் கையில் உறையும் பல இடங்களில் இருப்பதில்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவீர்கள் என்றால், வைக்க வேண்டிய கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்திலிருந்து பிரியுங்கள். வளாகத்தில் எந்தெந்த மரம் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள், பல சங்கங்களில் அதுவே இல்லை. உங்கள் தோட்டக்காரருக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். இலையின் அடிப்பக்கம், கொழுந்து, அடிமரம் மூன்றையும் பார்த்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், அதற்கென்று கூடுதலாகச் சம்பளம் கொடுங்கள். மண்ணில் உழைத்த கை, இரண்டே மாதத்தில் நம்மைவிட நன்றாகப் பூச்சியை அடையாளம் காணும். சந்தேகம் வந்தால் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழு மரம் மூன்றையும் படமெடுத்து, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை தெளிப்பான் அறையிலேயே இருக்கட்டும். அப்படியும் மருந்தடிக்க நேர்ந்தால், மருந்தின் பெயர், அடித்த நாள், எந்தச் செடி, எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதை லிஃப்ட் வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த மாதத் தெளிப்புக்கு நாள் குறித்திருந்தால், அதை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டு அந்தக் காலைப்பொழுதில் குழுவாகத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள், அவர்களின் கண் கூர்மை.

அன்புடன்,
உங்களைப் போல் ஓர் அடுக்ககவாசி